கண்ணாடி விரியன் எப்படி 'ரஸ்ஸல்ஸ் வைப்பர்' ஆனது? விஷப் பாம்புகளைப் பின்தொடர்ந்த ஒரு டாக்டரின் கதை

மழைக்காலம் ஆரம்பித்தால் போதும். அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு போட்டோ வந்து விழும். பார்க்கிங்கில் சுருண்டு கிடக்கும் ஒரு பாம்பு. கீழே ஒரே கேள்வி: இது விஷப் பாம்பா, இல்லையா? அடுத்த 5 நிமிடத்தில் 10 பதில்கள் வரும். தலை முக்கோணமாக இருக்கிறது, அதனால் விஷம் என்பார் ஒருவர். இது வெறும் மலைப்பாம்புக் குட்டி என்பார் இன்னொருவர். யாராவது கூகுள் லென்ஸில் போட்டுப் பார்ப்பார்கள். அதற்குள் வாட்ச்மேன் கம்போடு வந்திருப்பார்.

இந்தக் கேள்வி புதிதல்ல. சுமார் 240 ஆண்டுகளுக்கு முன்பு, அன்றைய மெட்ராஸ் மாகாணத்தைச் சேர்ந்த விசாகப்பட்டினத்தில், ஒரு ஸ்காட்லாந்து டாக்டர் இதே கேள்வியைக் கேட்டார். பல்லைத் திறந்து பார்க்காமல், வெளித்தோற்றத்தை வைத்தே விஷப் பாம்பை அடையாளம் காண ஏதாவது வழி உண்டா? வருடக்கணக்கில் பாம்புகளைச் சேகரித்து, அளந்து, செதில் எண்ணி, கடைசியில் அவர் கண்டுபிடித்த பதில் யாருக்கும் பிடிக்காத பதில். ஆனால் இன்றைக்கும் உயிரைக் காப்பாற்றும் பதில் அதுதான்.

அவர் பெயர் பேட்ரிக் ரஸ்ஸல். கண்ணாடி விரியனை ஆங்கிலத்தில் 'ரஸ்ஸல்ஸ் வைப்பர்' என்று சொல்கிறோமே, அந்த ரஸ்ஸல் இவர்தான்.

எடின்பரோவிலிருந்து அலெப்போவுக்கு

பேட்ரிக் ரஸ்ஸல் பிறந்தது 1727-ல், ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில். அப்பா ஜான் ரஸ்ஸல் வழக்கறிஞர். பெரிய குடும்பம். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து, 1750-ல் டாக்டர் பட்டம் வாங்கினார் பேட்ரிக்.

படித்து முடித்ததும் அவர் போன ஊர் லண்டன் இல்லை. சிரியாவில் இருக்கும் அலெப்போ. அன்றைக்கு அது ஒட்டோமான் பேரரசின் பெரிய வணிக நகரம். பட்டும் வாசனைப் பொருளும் அங்கே கைமாறிக்கொண்டிருந்தன. லெவன்ட் கம்பெனி என்ற ஆங்கிலேய வணிக நிறுவனம் அங்கே கடை விரித்திருந்தது. அந்தக் கம்பெனிக்கு டாக்டராக இருந்தவர் பேட்ரிக்கின் அண்ணன் அலெக்சாண்டர். அதாவது அப்பாவின் முந்தைய மனைவியின் மகன். அண்ணனுக்கு உதவியாளாகப் போன தம்பி, 1753-ல் அலெக்சாண்டர் ஊர் திரும்பியதும் அந்த வேலையிலேயே அமர்ந்தார். கிட்டத்தட்ட 20 ஆண்டுகள் அலெப்போவாசியாக வாழ்ந்தார். அரபி பேசினார். அந்த ஊர் பாஷா அவரை மதித்து, தலைப்பாகை அணியும் கௌரவத்தைக் கொடுத்தார்.

அங்கேதான் ரஸ்ஸலுக்கு ஒரு பழக்கம் வந்தது. ஊர்க்காரர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பது, ஆனால் சரிபார்க்காமல் நம்பாமலிருப்பது.

ஒரு உதாரணம், பெரியம்மை. ஜென்னரின் தடுப்பூசி வருவதற்கு 30, 40 ஆண்டுகள் முன்பு நடந்தது இது. ஒரு வீட்டுக்கு வைத்தியம் பார்க்கப் போனபோது, அங்கிருந்த வயதான பெதூயின் பெண்மணி ஒருவர், அம்மைப் பாலை எடுத்து உடம்பில் குத்திக்கொள்வது தங்கள் ஜனங்களுக்கு ரொம்பக் காலமாகத் தெரிந்த விஷயம் என்றார். ரஸ்ஸல் அதை அப்படியே விட்டுவிடவில்லை. பலரிடம் விசாரித்தார். உலர்ந்த திராட்சை, பேரீச்சம்பழம் என்று எதையாவது கொடுத்துப் பதிலுக்கு அம்மையை 'விலைக்கு வாங்குவது' அங்கே பரவலான வழக்கம் என்று தெரிந்துகொண்டார். அவர் அண்ணனுக்கு எழுதிய இந்தத் தகவல் 1768-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் வெளியானது. படிக்காத ஜனங்களிடம் படித்த டாக்டருக்குத் தெரியாத விஷயம் இருக்கலாம் என்பது அவருக்கு அப்போதே புரிந்துவிட்டது.

ஊரே கதவடைத்தபோது

1760-ல் அலெப்போவில் பிளேக் வந்தது. 1762 வரை ஆட்டிப்படைத்தது. அந்த ஊர் ஐரோப்பிய வணிகர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பிளேக் என்றதும் வீட்டுக் கதவை அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் உள்ளேயே இருப்பார்கள். கொரோனா லாக்டவுனைப் பார்த்த தலைமுறைக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ரஸ்ஸல் டாக்டர். ஊருக்குள் நோயாளிகள் இருந்தார்கள். அவர் வைத்தியம் பார்த்தார், கூடவே குறிப்பும் எழுதினார். யாருக்கு எந்த நாளில் காய்ச்சல், எங்கே கட்டி, எத்தனையாவது நாளில் மரணம் அல்லது குணம், எந்த மருந்து கொடுக்கப்பட்டது, அதனால் ஏதாவது ஆனதா என்று ஒவ்வொருவரைப் பற்றியும் தனித்தனியாக எழுதி வைத்தார். பிளேக் எதனால் வருகிறது என்பது அன்றைக்கு யாருக்கும் தெரியாது. அந்தக் கிருமி கண்டுபிடிக்கப்பட்டதே 1894-ல்தான். காரணம் தெரியாத நோயைக் கையாள அவரிடம் இருந்த ஒரே கருவி, கண்ணால் பார்த்ததை அப்படியே எழுதுவது. அந்தக் குறிப்புகளை வைத்து 1791-ல் பிளேக் பற்றி அவர் வெளியிட்ட பெரிய நூல், தனிமைப்படுத்தல் எப்படி இருக்க வேண்டும் என்பதையும் விரிவாகப் பேசியது.

பிளேக் நோயாளியிடம் கற்ற இந்தப் பழக்கத்தைத்தான் பின்னாளில் பாம்பிடமும் அவர் பயன்படுத்தினார்.

50 வயதுக்கு மேல் ஒரு புது வேலை

1771-ல் அலெப்போவை விட்டுக் கிளம்பி இங்கிலாந்து வந்த ரஸ்ஸல், லண்டனில் டாக்டராகப் பிராக்டிஸ் செய்தார். 1777-ல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. கல்யாணம் ஆகவில்லை. நல்ல பெயர், நல்ல நண்பர்கள். அப்படியே ஓய்வுக்காலத்தை நோக்கிப் போயிருக்கலாம்.

ஆனால் தம்பி கிளாட் ரஸ்ஸல் கிழக்கிந்தியக் கம்பெனியில் அதிகாரி. 1781-ல் அவருக்கு விசாகப்பட்டினத்தை நிர்வகிக்கும் பொறுப்பு கிடைத்தது. கூடத் துணையாக பேட்ரிக்கும் கப்பல் ஏறினார். வயது 50-ஐத் தாண்டியிருந்தது. சம்பளத்துக்காகப் போகவில்லை, உடம்பு சரியில்லாத தம்பியின் குடும்பத்தோடு இருப்பதற்காகப் போனார்.

புது ஊரில் சும்மா இருக்க அவருக்கு முடியவில்லை. செடிகொடிகளைச் சேர்த்தார். கடற்கரையில் வலை இழுத்ததும் போய் மீன்களைப் பார்த்தார். தெலுங்கில் அந்த மீனுக்கு என்ன பெயர் என்று கேட்டு எழுதிக்கொண்டார். உள்ளூர் ஓவியரை வைத்துப் படம் வரையச் செய்தார். இந்த மீன் குறிப்புகள்தான் 1803-ல் 200 மீன்களைப் பற்றிய 2 தொகுதி நூலாக வந்தன.

அதே நேரத்தில் தெற்கே இன்னொருவர் இதே மாதிரி வேலையில் இருந்தார். யோஹான் கெர்ஹார்ட் கோனிக். தாவரவியல் மேதை லின்னேயஸின் மாணவர். 1768-ல் தரங்கம்பாடியின் டேனிஷ் குடியிருப்புக்கு மருத்துவராக வந்தவர். பிறகு மெட்ராஸில் கம்பெனியின் இயற்கை ஆய்வாளராக வேலை பார்த்தார். 1785-ல் கோனிக் இறந்தார். காலியான அந்த இடத்துக்குக் கம்பெனி ரஸ்ஸலை நியமித்தது. வேலை முக்கியமாகத் தாவரங்களைப் பற்றியது. பணம் தரும் செடி எது, சாயம் தரும் செடி எது என்பதில்தான் கம்பெனிக்கு அக்கறை. டாக்டரான ரஸ்ஸலின் கவனம் மட்டும் வேறொன்றின் மேல் போனது.

கடித்தது எது என்றே தெரியாதபோது

சோழமண்டலக் கடற்கரை முழுக்கப் பாம்புக்கடி மரணங்கள் நடந்துகொண்டிருந்தன. வைத்தியம் என்ற பெயரில் ஆளுக்கு ஒன்று செய்துகொண்டிருந்தார்கள். ஆனால் அடிப்படைக் கேள்விக்கே யாரிடமும் பதில் இல்லை. இந்தக் கடற்கரையில் மொத்தம் எத்தனை வகைப் பாம்புகள்? அதில் விஷமுள்ளவை எவை? ஒரே பாம்புக்கு ஊருக்கு ஒரு பெயர். ஒரே பெயரில் 3 வகைப் பாம்புகள். ஐரோப்பியர்களுக்கு நல்ல பாம்பைத் தெரியும், அதன் படத்தை வைத்து. மற்றதெல்லாம் வெறும் 'பாம்பு'.

இதற்கு ரஸ்ஸல் போட்ட திட்டம் இன்றைக்கு நாம் சொல்லும் 'டேட்டா கலெக்‌ஷன்' மாதிரியானது. ஒரு ஆள் ஊர் ஊராக அலைந்து பாம்பு பிடிக்க முடியாது. கம்பெனிக்குத்தான் எல்லா ஊரிலும் டாக்டர்களும் அதிகாரிகளும் இருக்கிறார்களே! அவர்கள் தங்கள் பகுதிப் பாம்புகளைப் பற்றிய தகவலையும் மாதிரிகளையும் அனுப்ப வேண்டும் என்று மெட்ராஸ் அரசாங்கம் வழியாகக் கேட்டார். எதைக் கவனிக்க வேண்டும் என்று விளக்கும் ஒரு குறிப்பு 1787-ல் அச்சாகி அவர்களுக்குப் போனது.

பாம்புகள் வந்து சேர்ந்தன. செத்தவை, உயிருள்ளவை, சாராயத்தில் ஊறியவை. உள்ளூர்ப் பாம்புபிடிப்பவர்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒவ்வொன்றையும் ரஸ்ஸல் அளந்தார். அடிவயிற்றுச் செதில் எத்தனை, வாலின் அடியில் எத்தனை என்று எண்ணினார். நிறம், தலை, பல் எல்லாவற்றையும் எழுதினார். பெயருக்கு வந்தபோது லத்தீனில் புதிதாக எதையும் சூட்டவில்லை. கொண்டுவந்தவர்கள் என்ன பெயர் சொன்னார்களோ, அதையே காதில் விழுந்தபடி எழுதிவைத்தார்.

அதனால் ஒரு சுவாரசியம் நடந்தது. மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்ட கட்டு விரியனைத் தெலுங்கில் 'பங்காரு பாமு' என்று சொன்னார்கள். பங்காரு என்றால் தங்கம். ரஸ்ஸல் அதை எழுதிக்கொண்டார். அவர் புத்தகத்தைப் படித்த பிரெஞ்சு விஞ்ஞானி தொதான், 1803-ல் கட்டு விரியன் இனத்துக்கே 'பங்காரஸ்' என்று அறிவியல் பெயர் வைத்துவிட்டார். இன்று உலகத்தில் எந்த மூலையில் கட்டு விரியனைப் பற்றி ஆய்வுக்கட்டுரை எழுதினாலும், விசாகப்பட்டினத்துத் தெலுங்குச் சொல் ஒன்றை எழுதித்தான் ஆக வேண்டும். ரஸ்ஸலின் இரண்டாம் தொகுதியில் கடல் பாம்புகளும் உண்டு. அங்கே 'கடல் நாகம்', 'வலகடியன்' என்று தமிழ்க் காதுக்குப் பழக்கமான பெயர்களும் இருக்கின்றன.

பார்த்தே சொல்ல முடியுமா?

இப்போது அந்த வாட்ஸ்அப் கேள்விக்கு வருவோம். ரஸ்ஸல் தேடியது ஒரு எளிய விதி. தலை அகலமா? செதில் சிறிதா? வால் குட்டையா? நிறம் இப்படியா? ஒரு அடையாளத்தைச் சொல்லிவிட்டால், டாக்டர் இல்லாத ஊரிலும் ஜனங்களே விஷப் பாம்பைத் தெரிந்துகொள்ளலாம்.

எந்த விதியை எடுத்தாலும் ஒரு பாம்பு வந்து அதை உடைத்தது.

அகலமான தலைதான் விஷத்தின் அடையாளம் என்றால், கட்டு விரியன் தப்பித்துவிடும். அதன் தலைக்கும் கழுத்துக்கும் பெரிய வித்தியாசமே தெரியாது. விஷமோ மிகக் கடுமையானது. அதே விதிப்படி, கொஞ்சமும் விஷமில்லாத மலைப்பாம்பு குற்றவாளி ஆகிவிடும். படம் எடுப்பதுதான் அடையாளம் என்றால், நல்ல பாம்பு மட்டும்தான் மாட்டும். அதுவும் படம் எடுத்தால்தான். பட்டைகள்தான் அடையாளம் என்றால், விஷமில்லாத வெள்ளிக்கோல் வரையனும் கட்டு விரியனைப் போலவே பட்டை போட்டுக்கொண்டு வீட்டுச் சுவரில் ஏறும்.

கடைசியில் ரஸ்ஸல் ஒப்புக்கொண்டார். எல்லா விஷப் பாம்புகளுக்கும் பொருந்தும், விஷமில்லாத எதற்கும் பொருந்தாத வெளி அடையாளம் ஒன்றும் கிடையாது. நிச்சயமாகச் சொல்ல வேண்டுமானால் வாயைத் திறந்து நச்சுப்பல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு பாம்பையும் தனித்தனியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். குறுக்குவழி இல்லை.

தோல்வி மாதிரிதான் தெரியும். ஆனால் அவர் புத்தகம் முழுக்க வண்ணப் படங்களாக இருப்பதற்குக் காரணமே இதுதான். விதி சொல்ல முடியாதபோது, ஒவ்வொன்றின் முகத்தையும் காட்டியாக வேண்டும்.

மை தீட்டிய பாம்பு

அப்படித் தனித்தனியாகப் பார்த்தபோது அவர் கையில் அகப்பட்டது ஒரு பருத்த, பழுப்பு நிறப் பாம்பு. முதுகில் சங்கிலி போல வரிசையாக முட்டை வடிவப் புள்ளிகள். ஒவ்வொன்றையும் சுற்றிக் கறுப்புக் கரை. தெலுங்கு ஜனங்கள் இதை 'காட்டுக ரேகுல பொட' என்றார்கள். காட்டுக என்றால் கண்ணுக்குத் தீட்டும் மை. தமிழில் நமக்கு இது கண்ணாடி விரியன்.

ஐரோப்பிய விஞ்ஞானத்துக்கு இந்தப் பாம்பின் ஆபத்து அப்போது சரியாகத் தெரியாது. நல்ல பாம்பைக் கண்டுதான் எல்லோருக்கும் பயம். ரஸ்ஸல் கோழிகளையும் நாய்களையும் கடிக்கவிட்டுச் சோதித்தார். இன்றைய கண்ணுக்குக் கொடூரமாகத் தெரியும் சோதனைகள்தான். கடித்த நேரம், முதல் அறிகுறி, இறந்த நேரம் என்று அலெப்போவில் பிளேக் நோயாளிகளுக்கு எழுதிய அதே பாணியில் குறிப்பெடுத்தார். முடிவு தெளிவாக இருந்தது. இந்தப் பாம்பு நல்ல பாம்புக்கு அடுத்த இடத்தில் வைக்க வேண்டிய ஆபத்து.

இன்று நமக்குத் தெரிந்தது அதைவிட அதிகம். கண்ணாடி விரியனின் விஷம் ரத்தம் உறையும் முறையையே குலைத்துவிடும். கடித்த இடம் வீங்கும், ஈறில் ரத்தம் கசியும், சிறுநீரகம் செயலிழக்கலாம். அது வாழும் இடமோ நம் காலடிதான். வயல் வரப்பு, வேலிப்புதர், புல்வெளி, எலி எங்கே உண்டோ அங்கே. பெரும்பாலும் இரவில் நடமாடும். தொந்தரவு செய்தால் குக்கர் மாதிரிச் சீறும்.

இந்தியாவில் அதிக உயிர்களைப் பறிப்பவை என்று 4 பாம்புகளைச் சொல்வார்கள். கண்ணாடி விரியன் ஒன்று. எலி வளையிலும் நெல் வயலிலும் இருக்கும் நல்ல பாம்பு இரண்டாவது. ராத்திரி வீட்டுக்குள் வந்து, தரையில் படுத்திருப்பவர்களை வலிகூடத் தெரியாமல் கடித்துவிடும் கட்டு விரியன் மூன்றாவது. கல்லும் முள்ளுமான வறண்ட நிலத்தில் இருக்கும் சின்னஞ்சிறு சுருட்டை விரியன் நான்காவது. இந்த நான்குமே ரஸ்ஸலின் பாம்பு நூலில் இருக்கின்றன.

தஞ்சாவூர் மாத்திரையும் ஒரு டாக்டரின் சந்தேகமும்

அந்தக் காலத்தில் பாம்புக்கடிக்கு ரொம்பப் பிரபலமான மருந்து ஒன்று இருந்தது: தஞ்சாவூர் மாத்திரை. ஊர் ஜனங்கள் மட்டுமல்ல, கம்பெனி அதிகாரிகளும் நம்பினார்கள். சாப்பிட்டுப் பிழைத்தவர்களின் கதைகள் ஊர் ஊராகப் பரவியிருந்தன. ரஸ்ஸல் அதைச் சோதித்துப் பார்த்தார். அதில் இருந்த சரக்குகளில் ஒன்று பாஷாணம், அதாவது ஆர்செனிக். விஷத்துக்கு விஷம்!

மற்ற மருந்துகளையும் பார்த்தார். கடித்தவரை நிச்சயமாகக் காப்பாற்றும் என்று கை வைத்துச் சொல்லக்கூடிய மருந்து ஒன்றும் அகப்படவில்லை.

அப்படியானால் மாத்திரை சாப்பிட்டுப் பிழைத்தவர்கள்? இங்கேதான் எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. நம் ஊரில் மனிதர்களைக் கடிக்கும் பாம்புகளில் நிறைய விஷமில்லாதவை. விஷப் பாம்பே கடித்தாலும் சில நேரம் விஷத்தை இறக்காது. ஆகவே, கடிபட்டவர்களுக்கு வெறும் தண்ணீரைக் கொடுத்தாலும் பல பேர் பிழைத்துவிடுவார்கள். பிழைத்தவர் மருந்தின் புகழைப் பாடுவார். இறந்தவர் பாட மாட்டார். கடித்தது எந்தப் பாம்பு என்று தெரியாதவரை, எந்த மருந்து வேலை செய்தது என்று சொல்லவே முடியாது. பாம்பை அடையாளம் காண்பதில் ரஸ்ஸல் அவ்வளவு பிடிவாதமாக இருந்ததற்கு அர்த்தம் இதுதான். மந்திரம், வேர், கல் என்று இன்றும் சுற்றிவரும் வைத்தியங்களின் ரகசியமும் இதே கணக்குதான்.

கடைசி வருடங்கள்

1789 ஜனவரியில் ரஸ்ஸல் இந்தியாவை விட்டுக் கிளம்பினார். கம்பெனியின் இயற்கை ஆய்வாளர் பொறுப்பு அடுத்து வில்லியம் ராக்ஸ்பரோவுக்குப் போனது. ராக்ஸ்பரோவின் சோழமண்டலக் கரைத் தாவரங்கள் பற்றிய புகழ்பெற்ற நூல் 1795-ல் வர ஆரம்பித்தபோது, அதற்கு முன்னுரை எழுதியவர் ரஸ்ஸல்தான்.

லண்டனில் அவருக்கு ஓய்வு என்று ஒன்று இருக்கவில்லை. 1791-ல் பிளேக் நூல். 1794-ல் அண்ணன் எழுதிய அலெப்போ நூலை விரிவாக்கிப் புதுப் பதிப்பு. அலெக்சாண்டர் இறந்து அப்போது 26 ஆண்டுகள் ஆகியிருந்தன. 1796-ல் இந்தியப் பாம்புகள் பற்றிய முதல் தொகுதி, 40-க்கும் மேற்பட்ட வண்ணப் படங்களோடு, கம்பெனியின் செலவில் வெளியானது.

1804-ல், 77 வயதில், எவரார்ட் ஹோம் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணரோடு சேர்ந்து 2 விஷயங்களை எழுதினார். முதலாவது, நல்ல பாம்பு எப்படிப் படம் எடுக்கிறது என்பது. காற்றை நிரப்பி அல்ல. கழுத்தில் உள்ள நீண்ட விலா எலும்புகளைக் குடை விரிப்பதுபோல விரித்துத்தான் படம் எடுக்கிறது என்று காட்டினார்கள். இரண்டாவது, சில விரியன்களின் கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவில் இருக்கும் சிறு குழிகள். அந்தக் குழி எதற்கு என்பது அன்றைக்குப் புதிராகவே இருந்தது. இருட்டில் இரையின் உடல் சூட்டை உணரும் உறுப்பு அது என்பது 1930-களில்தான் நிரூபணமானது.

1805 ஜூலை 2-ம் தேதி லண்டனில் ரஸ்ஸல் காலமானார். பாம்பு நூலின் இரண்டாம் தொகுதி அப்போது முடிந்திருக்கவில்லை. 4 பகுதிகளாக வந்த அந்தத் தொகுதியில் கடைசி 2 பகுதிகளும் அவர் இறந்த பிறகே வெளியாயின. இறுதிப் பகுதி வந்த வருடம் 1809.

பெயர் எப்படி ஒட்டிக்கொண்டது?

பாம்புக்குத் தன் பெயரை ரஸ்ஸலே வைத்துக்கொள்ளவில்லை. 1797-ல், அவர் உயிரோடு இருந்தபோதே, பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஷா என்ற விலங்கியலாளர் நாட்டர் என்ற ஓவியரோடு சேர்ந்து வெளியிட்ட நூலில் அந்தப் பெயரைச் சூட்டினார். அதில் ஒரு சின்ன வேடிக்கை. ரஸ்ஸல் என்பதற்கு ஆங்கிலத்தில் 2 'எல்' வரும். லத்தீன் பெயரில் ஒன்று விட்டுப்போய்விட்டது. 'டபோயா ரஸெலி' என்ற இன்றைய அறிவியல் பெயரிலும் ஒரே ஒரு 'எல்'தான்.

இன்னொன்றும் விட்டுப்போனது. பாம்பைப் பிடித்துக் கொண்டுவந்த கைகளின் பெயர். பாம்புக்குப் பெயர் சொல்லிக்கொடுத்தவர்களின் பெயர் எங்கும் இல்லை. அவர்கள் சொன்ன சொல் மட்டும் புத்தகத்தில் நின்றுவிட்டது.

ரஸ்ஸலின் பெயர் மருத்துவமனைக்குள்ளும் நுழைந்தது வேறு கதை. ரத்தத்தை உறையவைக்கும் கண்ணாடி விரியன் விஷத்தின் குணத்தை, ரத்தம் உறையாத ஹீமோபிலியா நோயாளிகளின் ரத்தக்கசிவை நிறுத்தப் பயன்படுத்தலாம் என்று 1934-ல் இங்கிலாந்து டாக்டர் மெக்ஃபார்லேன் காட்டினார். இன்றும், ரத்தக்கட்டிப் பிரச்சினைக்கும் திரும்பத் திரும்பக் கருச்சிதைவு ஆவதற்கும் காரணம் தேடும்போது, 'டைல்யூட் ரஸ்ஸல் வைப்பர் வெனம் டைம்' என்று ஒரு டெஸ்ட் எழுதித் தருவார்கள். லேப் ரிப்போர்ட்டில் பாம்பின் பெயரைப் பார்த்துத் திடுக்கிட்டவர்கள் உண்டு.

ரஸ்ஸல் தேடிய மருந்து வந்தது, ஆனால்...

ரஸ்ஸல் கண்டுபிடிக்க முடியாத மருந்து, அவர் இறந்து 90 ஆண்டுகள் கழித்து வந்தது. 1890-களில் பிரெஞ்சு டாக்டர் ஆல்பர்ட் கால்மெட், விலங்குகளுக்குச் சிறிது சிறிதாக நல்ல பாம்பு விஷத்தைச் செலுத்தி, அவற்றின் ரத்தத்திலிருந்து எதிர்மருந்து தயாரித்தார். இன்று இந்தியாவில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து, மேலே சொன்ன 4 பாம்புகளின் விஷத்துக்கும் எதிராகக் குதிரைகளில் தயாராவது. அதற்கான விஷத்தில் பெரும்பங்கு எங்கிருந்து வருகிறது தெரியுமா? மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில், 1978-ல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து. பாம்பைத் தெரிந்தவர்களிடம்தான் போய்க் கேட்க வேண்டும் என்ற ரஸ்ஸலின் வழி இன்றும் மாறவில்லை.

மருந்து இருக்கிறது. மரணம் நிற்கவில்லை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்ததாக, 2020-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது. வருடத்துக்குச் சராசரியாக 58,000 பேர். பாதி மரணங்கள் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழைமாதங்களில். பெரும்பாலும் கிராமங்களில். அதிக மரணங்கள் நடக்கும் 8 மாநிலங்களில் ரஸ்ஸல் வேலை பார்த்த ஆந்திரமும் ஒன்று. எந்தப் பாம்பு என்று தெரியவந்த கடிகளில் முதலிடம் கண்ணாடி விரியனுக்கு.

அறியாமை இரண்டு பக்கமும் கொல்கிறது. 2024-ல் வங்கதேசத்தில் 'ரஸ்ஸல்ஸ் வைப்பர்' பரவுகிறது என்று சமூக ஊடகங்களில் பீதி கிளம்பியது. கண்ணில் பட்ட பாம்பையெல்லாம் ஜனங்கள் அடித்தார்கள். செத்தவற்றில் விஷமே இல்லாத, எலி தின்னும் பாம்புகளும் நிறைய. 2017-ல் உலக சுகாதார நிறுவனம் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. 2024-ல் தமிழ்நாடு அரசு, பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயமாக அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய ஒன்றாக அறிவித்தது. எங்கே, யாரை, எது கடித்தது என்று எழுதிவைக்காமல் எதையும் சரிசெய்ய முடியாது. 1787-ல் ரஸ்ஸல் கம்பெனி டாக்டர்களிடம் கேட்டதும் இதைத்தான்.

சரி, அந்த போட்டோவை என்ன செய்வது?

அடுத்த முறை குரூப்பில் பாம்பு படம் வந்தால், ரஸ்ஸலின் பதிலை நினைத்துக்கொள்ளலாம். பார்த்ததும் சொல்லிவிட ஒரே விதி கிடையாது. வருடக்கணக்கில் பாம்புகளோடு இருந்தவருக்கே கிடைக்கவில்லை. தெரிந்தவர்களைக் கூப்பிடுங்கள்: வனத்துறை, தீயணைப்புத் துறை, பயிற்சி பெற்ற பாம்பு மீட்பாளர். அதுவரை தள்ளி நில்லுங்கள்.

கடித்துவிட்டால் அந்தக் கேள்விக்கே நேரமில்லை. பாம்பைத் துரத்திப் பிடித்துக் கொண்டுபோக வேண்டாம். கீற வேண்டாம், உறிஞ்ச வேண்டாம், கயிறு கட்டி இறுக்க வேண்டாம். மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல், 108-ஐக் கூப்பிட்டு, விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்கு நேராகப் போக வேண்டும். அங்கே டாக்டர் கொஞ்சம் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துப் பார்ப்பார். உறையாவிட்டால், கடித்தது விரியன் வகையாக இருக்கலாம் என்று தெரிந்துவிடும். பாம்பின் வாயைத் திறந்து பார்த்தால்தான் நிச்சயம் என்றார் ரஸ்ஸல். இன்று அந்த வேலையை நோயாளியின் ரத்தமே செய்துவிடுகிறது. நோயாளி நேரத்தோடு அங்கே போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.